கண்ணாடிக்காரியும் ஆணிக்காரியும்

மாலை நாலே முக்காலுக்கு அத்தான் போன் செய்தார். கல்லூரியில் கடைசி வகுப்பை முடித்துவிட்டு விடைத்தாள் கட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு எதையும் கேலியாகத்தான் ஆரம்பிக்க வரும். "என்ன புரொபசரம்மா, இன்னைக்கு எத்தனை பேரைத் தூங்க வெச்சீங்க?" என்பதுதான் வழக்கமான முதல் வாக்கியம். அன்று அது இல்லை.

"அக்கா இல்லம்மா" என்றார்.

"இல்லன்னா?"

"இல்லம்மா. மலையிலயே."

அவருக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் அவர் இன்னும் சொல்லவில்லை போல. அவள் ஏதோ ஒரு நீளத் தையலை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்கா அன்று காலை வனத்துறை ஜீப்பில் மலைக்குப் போயிருந்தாள். மேல்பாதையில் ஒரு மரத்தில் கட்டியிருக்கும் கேமராவுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும். அது ஜீப் போகாத இடம். ஓட்டுநர் கீழே வண்டியிலேயே இருந்தார். அவருடைய ஒரு சிகரெட்டும் ஒரு குட்டித் தூக்கமும் முடிவதற்குள் அக்கா இறங்கி வந்துவிடுவாள். அன்று வரவில்லை என்றதும் அவர் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும் பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம்.

"களைச்சுப்போய் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன். 'என்னக்கா, சிறுத்தைக்கு வழி விட்டு ஒதுங்கி உக்காந்துட்டீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே கிட்டப் போனேன்" என்று அவர் வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். டாக்டர் இதயம் என்றார். ஐம்பத்து மூன்று வயது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். அத்தான் மட்டும் யார் கேட்டாலும், "சிறுத்தைக்கெல்லாம் அடையாள அட்டை போட்டுக் குடுக்கிற வேலை. மனுஷனுக்குன்னா லஞ்சம் கிடைக்கும், இதுல ஒண்ணும் கிடையாது" என்று சொல்வார். கேலியைக் கழித்துவிட்டால் அவர் சொன்னது சரிதான்.

மலையில் விலங்குகள் நடக்கும் பாதைகளில், முழங்கால் உயரத்தில், மரத்தோடு சேர்த்து ஒரு கேமராவைக் கட்டி வைப்பார்கள். எது குறுக்கே வந்தாலும் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். ஒரு சிறுத்தையின் உடம்பில் இருக்கிற புள்ளிகள் போல இன்னொன்றின் உடம்பில் இருக்காது. நம் கைரேகை மாதிரி. வந்த படங்களைப் பார்த்து இது இன்னார், அது இன்னார் என்று பிரிப்பதுதான் அக்காவின் வேலை. அதை வைத்துத்தான் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை சிறுத்தைகள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற கணக்கு வரும். எங்கே ஆடு மேயவிடலாம், எந்தப் பாதையை மூட வேண்டும், எந்த விலங்கைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்து.

பெரிய திறமைசாலி என்பதால் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று நான் எழுதினால் அவளே சிரிப்பாள். டைப்பிஸ்டாக அங்கே சேர்ந்தவள். கேமராக்கள் வந்தபோது படம் பார்ப்பதற்கென்று பின்கட்டில் ஒரு அறையை ஒதுக்கினார்கள். தகரக் கூரை, ஒரே ஜன்னல், அதற்கு நேர் வெளியே கழிவறை. அங்கே உட்கார யாரும் முன்வரவில்லை. அக்காவுக்கு முன் அறையின் அரட்டை பிடிக்காது, அதனால் போனாள். போனவள் இருபது வருஷம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு மனித முகம் நினைவில் நிற்காது. கல்யாண வீட்டில் அத்தையைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா பெரியம்மா" என்பாள். நான் பின்னாலிருந்து இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் யார் என்ன துணி போட்டிருந்தார்கள் என்பது மறக்காது. "பச்சைச் சட்டை, அதுல சின்னச் சின்ன இலை, தோள்ல மட்டும் ஒரு இலை தலைகீழா இருக்கும், அவங்கதானே?" என்று வருஷம் கழித்துக் கேட்பாள். அத்தானை அவள் முதலில் பார்த்ததே அப்படி ஒரு சண்டையில்தான். ரவிக்கையின் முதுகுத் துண்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டீர்கள், பூவெல்லாம் கீழே பார்க்கிறது என்று கடையில் போய் நின்றாள். "பூ கீழே பார்த்தா என்னங்க, உங்க முதுகை நீங்களா பார்க்கப் போறீங்க?" என்றாராம். "பின்னாடி வர்றவன் பார்ப்பானே." "அவன் பூவையா பார்ப்பான்?" அன்று தொடங்கிய வாய்ச்சண்டை கடைசிவரை முடியவில்லை.

அவளுடைய தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. சிறுத்தையின் இடது பக்கப் புள்ளிகளும் வலது பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்காது. இடது பக்கப் படம் ஒன்றும் வலது பக்கப் படம் ஒன்றும் கையில் இருந்தால், இரண்டும் ஒரே விலங்கா, வேறு வேறா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாதையின் இரண்டு புறமும் எதிரெதிரே இரண்டு கேமரா கட்டுவார்கள். நடுவில் நடக்கிற விலங்கின் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் படத்தில் விழுந்துவிடும். ஆரம்பத்தில் அப்படித்தான் கட்டினார்கள். பிறகு சிலவற்றைத் திருடிக்கொண்டு போனார்கள், சிலவற்றில் எறும்பு கூடு கட்டியது, சிலவற்றை ஈரம் தின்றது. புதிதாக வாங்கித் தரவில்லை. ஒரு இடத்துக்கு ஒரு கேமரா என்று ஆகிவிட்டது. ஒரு கேமராதான் என்றால் ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும்தான் எண்ண வேண்டும், இரண்டையும் கூட்டவே கூடாது என்பது விதி. அக்காவுக்கு அது மனப்பாடம்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு இதை விளக்கினாள். அத்தான் கேட்டுவிட்டு, "அதாவது நான் சட்டைக்கு இடது துண்டு வெட்டுறேன், வலது துண்டு வெட்டுறேன். ரெண்டையும் தனித்தனியா எண்ணி ரெண்டு சட்டைன்னு சொல்லிட்டா, ஊருக்குள்ள என்னை மாதிரி உழைப்பாளி கிடையாது" என்றார்.

"அதேதான். ஆனா உங்க சட்டை எல்லாம் ரெண்டு துண்டும் பொருந்தாம இருக்குமே, அத வெச்சே கண்டுபிடிச்சுடுவாங்க" என்றாள் அக்கா.

அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண் சிறுத்தைகள் இருந்தன. அவற்றைப் பற்றிச் சந்தேகமில்லை. நல்ல காலத்தில் இரண்டு பக்கமும் படம் விழுந்தவை. பெண் விஷயம்தான் தெளிவாகவில்லை. கீழே ஓடைக் கரையில் இருந்த நாலாம் நம்பர் கேமராவில் ஒரு பெண் அடிக்கடி வந்தாள். எப்போது வந்தாலும் இடது பக்கம்தான் விழும். இடுப்பில் இரண்டு வளையங்கள் பக்கத்துப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி மாதிரி. அக்கா அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தாள். மேல்பாதையில் இருந்த ஒன்பதாம் நம்பரில் ஒரு பெண் வந்தாள். அவள் எப்போதும் வலது பக்கம். தோளில் ஒரே ஒரு நீளப் புள்ளி, தலை பெருத்து, நுனி கூர்ந்து. அவள் ஆணிக்காரி.

ஒரே ஆளா, இரண்டு பேரா? அக்கா வீட்டுக்கு வந்தும் அதையேதான் பேசுவாள். ஓட்டுநர் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போதே வாசலில் நின்று, "என்னக்கா, உங்க சக்களத்திங்க கணக்கு தீர்ந்துதா?" என்பார். அத்தான் உள்ளேயிருந்து, "யோவ், சக்களத்தின்னா எனக்குல்ல பொண்டாட்டி ஆகணும்? கடிச்சு வெச்சுடும்யா" என்பார்.

ஒரு நாள் அக்கா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். புதிதாக வந்த படங்களில் ஒரு சாயங்காலத்தைக் கண்டுபிடித்திருந்தாள். படத்தின் ஓரத்தில் கேமராவே தேதியும் மணியும் பதித்துவிடும். ஒரே தேதி, ஒரே மாலை. கண்ணாடிக்காரி ஓடைக் கரையில் நடக்கிறாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆணிக்காரி மேல்பாதையில் நடக்கிறாள். நடுவில் ஒரு முழு மலைமுதுகு இருக்கிறது. அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறாள். "நானா இருந்தா ஒரு பகல், அதுல பாதி மூச்சு வாங்கவே போயிடும். அதுவா இருந்தாலும் அரைப் பகல் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். ஒருத்தி ஒரே மாலையில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே இரண்டு பேர்.

"ரெண்டு பொம்பளைங்க இருந்தா வீடு நிக்கும்" என்றாள் என்னிடம். காட்டைச் சொல்கிறாளா, எங்கள் இருவரைச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும்தான் இருக்கும்.

அந்த வருஷம் கண்ணாடிக்காரி ஆடு பிடிக்க ஆரம்பித்தாள். ஓடைக்கு இந்தப் புறம் பட்டிகள் இருந்தன. ஆட்டுக்காரர் ஒருவர் கழுத்து கிழிந்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அலுவலகப் படியில் கிடத்தினார்.

"இது எத்தனாவது தெரியுமா உங்களுக்கு? நீங்க அதுக்கு போட்டோ பிடிக்கிறீங்க, நான் அதுக்குச் சோறு போடுறேன்" என்றார்.

ரேஞ்சர் சமாதானம் சொன்னார். ஆட்டுக்காரர் கத்தவில்லை. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். எனக்குப் பயம். ஆனா என் தம்பிங்களுக்குப் பயம் கிடையாது. அடுத்த ஆட்டோட வயித்துல மருந்து இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விஷம் வைத்துவிட்டால் ஒன்றோடு நிற்காது. எதைத் தின்றாலும் சாகும். கண்ணாடிக்காரியைக் கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்தில் வேறு காட்டில் விட்டுவிடுவது என்று பேச்சு வந்தது. ரேஞ்சர் கெட்டவர் அல்ல. தானே பின்கட்டு அறைக்கு வந்து, வேறு நாற்காலி இல்லாததால் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டாராம்.

"அம்மா, ஒண்ண எடுத்துட்டா இங்க இன்னொரு பெண் இருக்கா? அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா வேற ஏதாவது வழி பார்க்கிறேன். பட்டிக்கு வேலி போட்டுக் குடுத்து, ராத்திரி ஆள் போட்டு, எப்படியாவது இழுத்துப் பிடிக்கிறேன்."

"இருக்கு சார். ரெண்டு இருக்கு" என்றாள் அக்கா.

கூண்டு வைத்த மூன்றாம் நாள் கண்ணாடிக்காரி விழுந்தாள். மயக்க ஊசி போட்டு, எடை பார்த்து, பல் பார்த்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, லாரியில் ஏற்றினார்கள். அந்தப் படங்களைக் கோப்பில் சேர்ப்பதற்காக அக்காவின் மேசைக்கு அனுப்பினார்கள். அன்றாட வேலை. அக்கா முதலில் இடது பக்கத்தைத் திறந்தாள். இடுப்பில் கண்ணாடி. பெயரை எழுதினாள். பிறகு வலது பக்கத்தைத் திறந்தாள். தோளில் ஆணி.

எனக்கு இதைப் பல முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நிறுத்தி, தன் வலது தோளை இடது கையால் தொட்டுக் காட்டுவாள்.

செருப்புகூடப் போடாமல் முன் அறைக்கு ஓடியிருக்கிறாள். "சார், லாரிய நிறுத்துங்க." லாரி போய் ஒரு பகல் ஆகியிருந்தது. ரேஞ்சர் போனில் யார் யாரிடமோ பேசினார். திருப்பிக் கொண்டுவர மேலிடத்து உத்தரவு வேண்டும், எழுதிக் கொடுத்தார், அதுவும் வந்தது. மெதுவாக வந்தது. அதற்குள் கண்ணாடிக்காரி, காட்டில் விடும்வரை அவளை வைத்திருந்த விலங்கு காப்பகத்தில், கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து இரண்டு கோரைப் பற்களையும் உடைத்துக்கொண்டுவிட்டாள். பல் இல்லாத சிறுத்தை காட்டில் பிழைக்காது. ஆயுளுக்கும் அங்கேயே அடைத்து வைப்பது என்று முடிவாயிற்று.

தேதி எப்படி ஏமாற்றியது என்று அக்கா அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டாள். ஆணிக்காரி மேல்பாதையில் நடக்கும் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் விலங்கைத்தான் பார்த்திருந்தாள். அன்று முதல் முறையாகத் தரையைப் பார்த்தாள். சிறுத்தைக்குப் பின்னால் பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அந்த மரம் விழுந்த புயலை அலுவலகத்தில் யாரும் மறந்திருக்கவில்லை. தகரக் கூரையில் பாதி பறந்த நாள் அது. படத்தில் பதிந்திருந்த தேதியோ புயலுக்கு முந்தைய மாதம். விழாத மரம் எப்படி விழுந்து கிடக்கும்?

ஒன்பதாம் கேமராவின் கடிகாரம் சரியாக ஒரு மாதம் பின்தங்கியிருந்தது. பேட்டரி மாற்றினால் அதன் கடிகாரம் அழிந்துவிடும்; கையால் மறுபடி வைக்க வேண்டும். கடைசியாக மாற்றியது அக்காதான். வழக்கமாகப் போகிற காவலர் லீவில் இருந்ததால் அவள் போயிருந்தாள். மாதம் பிறந்த முதல் நாள். விரல் பழக்கத்தில் பழைய மாதத்தையே அழுத்திவிட்டது. இந்த மாதிரி தவறு வரும் என்று தெரிந்துதான் அவர்கள் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள்: கடிகாரம் வைத்து முடித்ததும் ஒரு சின்னப் பலகையில் சாக்பீஸால் அன்றைய தேதியை எழுதி, கேமரா முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். கடிகாரம் தப்பானாலும் பலகை காட்டிக் கொடுத்துவிடும். அன்று மழை. பலகையில் எழுத எழுதக் கரைந்தது. இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கண்ணாடிக்காரி ஒரு வழியாக ஏறி மறு வழியாக இறங்குகிறவள். ஓடைக்கரையில் ஏறும்போது இடது பக்கம், மேல்பாதையில் வரும்போது வலது பக்கம். எப்போதும் ஒரே திசையில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி.

அக்கா இதை மறைக்கவில்லை. மறுநாளே எல்லோர் முன்னாலும் சொன்னாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது என்று அத்தான் இப்போதும் சொல்கிறார். ரேஞ்சர், "விடுங்கம்மா, எல்லாருக்கும் வர்றதுதானே. பிடிக்காம விட்டிருந்தாலும் மருந்து வெச்சிருப்பாங்க" என்றார்.

"திட்டிடுங்க சார். ஒரு தடவை நல்லாத் திட்டிடுங்க. நான் தூங்கணும்."

அவருக்குத் திட்டத் தெரியவில்லை. டீ வரவழைத்தார்.

அத்தான் அதற்குப் பிறகு சட்டைத் துண்டு கேலியைச் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் மட்டும், "நான் சொன்னது அவ காதுல ஏறியிருக்குமோம்மா, அதான் அப்படி ஓடியாடி ரெண்டுன்னு நிரூபிச்சாளோ" என்றார். அப்படியெல்லாம் இல்லை அத்தான் என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஒரு விடுமுறையில் அக்காவும் நானும் அந்த விலங்கு காப்பகத்துக்குப் போனோம். வட்டமான பெரிய அடைப்பு. உள்ளே கொஞ்சம் புதர், ஒரு சிமென்ட் தொட்டி. வேலியை ஒட்டித் தரை பளபளவென்று தேய்ந்திருந்தது. கண்ணாடிக்காரி அதில் நடந்துகொண்டிருந்தாள். எப்போதும் ஒரே திசையில். எங்களுக்குக் கிட்டே வரும்போது இடது பக்கம் தெரியும். எதிர்ப்புறம் போகும்போது வலது பக்கம் தெரியும். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி, ஆணி, கண்ணாடி, ஆணி. பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அதில் ஒருவர், "இது எத்தனை இருக்கு உள்ளே? போய்க்கிட்டே இருக்கே" என்று கேட்டார். "ஒண்ணுதாங்க" என்றாள் அக்கா. "ஒண்ணே ஒண்ணுதான்."

திரும்பும்போது, "இன்னொருத்தி இருந்தாலும் இருக்கலாம்டி. நம்ம கேமரா இப்ப எட்டு இடத்துலதானே மிச்சம் இருக்கு. எட்டாத இடம் எவ்வளவோ" என்றாள். அதற்குப் பிறகு அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

முதல் வருஷம் இரண்டு ஆண் சிறுத்தைகளும் அலைந்தன. படங்களில் மரத்தில் உரசி, மண்ணைப் பிறாண்டி, வாசனை விட்டுப் போவது தெரியும். அந்த அழைப்புக்குப் பதில் சொல்ல யாருமில்லை. பெரியது ஒரு நாள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. வேறு எந்தக் காட்டின் கேமராவிலும் அதற்குப் பிறகு அது விழவில்லை. சின்னது நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்தது. அதை அடையாளம் சொல்ல அக்காவைக் கூட்டிப் போனார்கள். போய்விட்டு வந்து கைகழுவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வந்த படங்களை நானும் சில முறை அவளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அறையில் விசிறி காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் கொடுக்கும். முள்ளம்பன்றி, முயல், காட்டுப்பன்றி, காற்றில் ஆடும் புல், மறுபடி புல். ஆடுகள் வர ஆரம்பித்தன. முதலில் ஓடைக் கரையில், பிறகு மேலே மேலே. ஆட்டுக்காரரின் தம்பி ஒருவன் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிய படமும் இருந்தது. "இவனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு, குழப்பமே இல்ல" என்றாள் அக்கா. சிரித்தோம். அவள் சிரித்துக் கடைசியாக நான் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கேமராக்களை வேறு மலைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"இல்லாத ஊருக்குக் காவல் எதுக்கும்மா?"

"இல்லன்னு எப்படி சார் சொல்றீங்க?"

"நீங்கதானே கணக்குல பூஜ்யம் போட்டுக் குடுத்தீங்க."

"நான் போட்ட கணக்கத்தான் ஒரு தடவை நம்பினீங்களே சார்."

அவர் நாலாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் மட்டும் விட்டு வைத்தார். இரக்கப்பட்டுத்தான் விட்டு வைத்தார் என்று அவளுக்கும் தெரியும்.

போன மாதம் நாலாம் நம்பரில் ஒரு படம் விழுந்திருந்தது. அரைகுறை வெளிச்சம். சிறுத்தைதான், இடது விலா மட்டும், அதுவும் ஆட்டத்தில் கலங்கி. தலையும் இல்லை, பின்பாகமும் இல்லை. ஆணா பெண்ணா என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் செத்த ஆணுடையதும் இல்லை, போன ஆணுடையதும் இல்லை. அக்கா அன்றைக்கு எனக்குப் போன் செய்தாள். "உடம்பு சின்னதா இருக்குடி" என்றாள். "சின்னதாத்தான் தெரியுது. ஆனா நான் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். ஒன்பதுல விழட்டும், பின்னாடி தெரியட்டும், அப்புறம் சொல்றேன்." ஓடைவழி ஏறினால் மேல்பாதைவழி இறங்கித்தானே ஆக வேண்டும் என்றாள். கண்ணாடிக்காரி அப்படித்தான் நடந்தாள்.

ஒன்பதில் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தது. அதற்குத்தான் போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மேசையைக் காலி செய்ய நான் அலுவலகத்துக்குப் போனேன். ஓட்டுநர் ஒன்பதாம் கேமராவின் மெமரி கார்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். மலையிலிருந்து அவளைத் தூக்கி வந்த கூட்டத்தில் யாரோ அதை மட்டும் கழற்றி அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய கம்ப்யூட்டரில் போட்டு இருவரும் பார்த்தோம். அவர் நின்றுகொண்டு, நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து. புல். புல். ஆடுகள். ஒரு முயல். புல். சிறுத்தை இல்லை. கடைசிப் படத்தில் அக்கா வருகிறாள். கேமரா உயரத்துக்கு அவள் முகம் விழவில்லை. தோளிலிருந்து முழங்கால் வரை, பை, கையில் பலகை. இடது பக்கம் மட்டும்.

"இதுக்கு அப்புறம் ஏன் படம் இல்ல?" என்று கேட்டேன்.

"மூடியத் திறந்தா அணைஞ்சுடும்மா. பேட்டரி எல்லாம் போட்டு மூடினாத்தான் மறுபடி வேலை செய்யும்."

அந்த மலைக்கு இனி யாரும் போக வேண்டியதில்லை என்று உத்தரவாகிவிட்டது. நாலாம் நம்பரைக் கழற்றி வந்துவிட்டார்கள். ஒன்பதை எடுக்க ஏறுவதற்கு ஆள் இல்லை. பழைய மாடல், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கலங்கிய அந்தப் படத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. பள்ளத்தாக்குக்கு நேரே பூஜ்யம் அப்படியே இருக்கிறது.

பலகையில் அன்றைய நாளும் மாதமும் வருஷமும் சரியாக எழுதியிருந்ததாக ஓட்டுநர் சொன்னார். ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவரிடம் இரண்டு முறை கேட்டு எழுதினாளாம். அந்தக் கேமராவுக்கு எட்டு பேட்டரி வேண்டும். ஐந்தைப் போட்டிருந்தாள்.